டிக்கெட் யார் கைல இருக்கு? இந்த தடவை ஊர்ப் பயணத்துல பாத்தது

வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஊருக்குப் போகணும்னு முடிவு பண்ணதும் முதல் வேலை டிக்கெட் தேடுறதுதான், இப்ப அதுவும் போன்லயே, நாலஞ்சு சைட்டை மாத்தி மாத்தி பாத்து எது கம்மியா வருதோ அதைப் போட்டு காசைக் கட்டிடுறோம். நானும் இந்த தடவை போயிட்டு வந்தேன். போறப்போ நடந்ததையும் வர்றப்போ நடந்ததையும் வச்சு ஒண்ணு ரொம்ப அழுத்தமா சொல்லணும்னு தோணுது. விலை பாக்குறதுக்கு எந்த சைட் வேணா பாருங்க, ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த டிக்கெட் கடைசில யார் கட்டுப்பாட்டுல இருக்கப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கட்டுங்க.

நாங்க ரெண்டு குடும்பமா ஒரே ஃப்ளைட்ல போறதா ஏற்பாடு. என்னோடது ஏர்லைன்ஸோட சொந்த வெப்சைட்ல போட்டது, அக்கா குடும்பத்தோடது ஒரு புக்கிங் சைட் வழியா, கொஞ்சம் கம்மி விலைக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸ் முதல் ஃப்ளைட்டோட டைமை தள்ளி வச்சுட்டாங்க, நடுவுல மாற வேண்டிய ஃப்ளைட்டை பிடிக்கவே முடியாதபடி. எனக்கு மெயில் வந்துச்சு, அதுலயே லிங்க் இருந்துச்சு, வேற ஃப்ளைட்டைத் தொட்டேன், புது டிக்கெட் வந்துருச்சு, கூடுதல் காசு எதுவும் கேக்கல. அக்காவுக்கு ஒரு தகவலும் வரல. ஏன்னா புக்கிங் சைட் ஏர்லைன்ஸுக்கு அக்காவோட மெயிலைக் கொடுக்கல, தன்னோட மெயிலைத்தான் கொடுத்திருக்கு. நான் போன் பண்ணி சொல்லலன்னா அவங்க நேரா ஏர்போர்ட்ல போய் நின்னுருப்பாங்க.

அதுக்கப்புறம்தான் அலைச்சல். ஏர்லைன்ஸ் கஸ்டமர் கேர்ல "இது ஏஜென்சி வழியா போட்ட டிக்கெட் மேடம், அவங்கதான் மாத்தணும்"ங்குறாங்க. புக்கிங் சைட்ல முதல்ல சாட்டுல மெஷின்தான் பதில் சொல்லுது, ரொம்ப நேரம் கழிச்சு ஒரு ஆளு வந்து "ஏர்லைன்ஸ் அனுமதி கொடுக்கணும், காத்திருங்க"ங்குறார், அவர் போயிட்டா அடுத்து வர்றவர்கிட்ட மொதல்ல இருந்து கதை சொல்லணும். "டேய், நான் காசு கட்டுனது யாருக்குடா?"ன்னு அக்கா கேட்டாங்க பாருங்க, அதுக்கு எனக்கு உடனே பதில் சொல்ல முடியல. கடைசில மாத்திக் கொடுத்தாங்க, ஆனா வேற நாள்ல, சர்வீஸ் சார்ஜ்னு ஒண்ணையும் போட்டு. டைமை மாத்துனது ஏர்லைன்ஸ், அதுக்கு பயணி ஏன் காசு கட்டணும்? இதை நினைச்சா இப்பவும் எனக்கு கோவம் வருது.

ஊருக்குப் போனப்புறம் இதை ரொம்ப வருஷமா டிக்கெட் போட்டுக் கொடுக்குற ஒரு டிராவல் ஏஜென்ட் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் ஆச்சரியமே படல. "தம்பி, யார் டிக்கெட் அடிச்சாங்களோ அவங்க கைலதான் அந்த பிஎன்ஆர், அதாவது ஏர்லைன்ஸ் சிஸ்டத்துல நம்ம பயணத்துக்கு இருக்குற பதிவு நம்பர், இருக்கும், நீங்க உக்காந்து போற கம்பெனி கூட சட்டுனு கை வைக்காது"ன்னார். முன்னாடி அந்த ஏஜென்ட் நமக்கு முகம் தெரிஞ்ச ஆளு, ராத்திரில கூட போன் எடுப்பார். இப்ப அந்த இடத்துல இருக்கிறது ஒரு வெப்சைட், வேலைமுறை மட்டும் அதே பழைய ஏஜென்சி முறை. வெளிய பாக்க புதுசா இருக்கிறதால நம்ம ஜனங்களுக்கு இது புரியுறதில்ல.

அந்த பழைய முறை எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா கதை ரொம்ப பெருசு. 1953ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும் ஐபிஎம் விற்பனை அதிகாரி பிளேர் ஸ்மித்தும் ஒரே ஃப்ளைட்ல பக்கத்து பக்கத்துல உக்காந்து பேசுனதுல இருந்துதான் சேபர்ங்குற கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் பொறந்துச்சுன்னு சொல்வாங்க, 1960கள்ல அது ஓட ஆரம்பிச்சுது. 1976ல இருந்து அதோட டெர்மினலை, அதாவது அதுல புக் பண்ற ஸ்க்ரீனையும் கீபோர்டையும், டிராவல் ஏஜென்ட் ஆபீஸுக்குள்ளயே வச்சாங்க. ஐரோப்பால 1987ல ஏர் ஃபிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ்னு நாலு ஏர்லைன்ஸும் சேந்து அதே மாதிரி அமேடியஸ்ங்குற சிஸ்டத்தை ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நம்ம போன்ல பளபளன்னு தெரியுற பல புக்கிங் சைட்டுக்கும் பின்னாடி இந்த மாதிரி சிஸ்டம்தான் ஓடுது.

அப்பவே ஒரு தகராறு நடந்துருக்கு. சிஸ்டம் வச்சிருந்த ஏர்லைன்ஸ் தன்னோட ஃப்ளைட்டையே லிஸ்ட்ல மேல காட்டுச்சு, ஏஜென்ட்டுங்க முதல் ஸ்க்ரீன்ல வர்றதைத்தான் பெரும்பாலும் விப்பாங்க, அதனால மத்த கம்பெனிங்க சண்டை போட்டு 1984ல அமெரிக்க அரசு அதுக்கு தடை போட்டுச்சு. இன்னைக்கு நாம சைட்டைத் திறந்ததும் மேல "சிறந்தது"ன்னு ஒரு வரிசை வருதே, அதை யார் எந்த கணக்குல போட்டாங்கன்னு பாருங்க. நான் எப்பவும் அதை மாத்தி விலைப்படி ஒருதடவை, மொத்த பயண நேரப்படி ஒருதடவை பாப்பேன். ரெண்டுலயும் மேல வர்ற ஃப்ளைட் வேற வேறயா இருக்கும்.

ஏஜென்ட்டுங்க குறைஞ்சதுக்கு காரணமும் அண்ணன் சொன்னார். முன்னாடி டிக்கெட் விலைல ஒரு பங்கை ஏர்லைன்ஸே கமிஷனா கொடுக்கும், பயணி தனியா எதுவும் தர வேண்டாம். 1995ல டெல்டா ஏர்லைன்ஸ் அமெரிக்க உள்நாட்டு டிக்கெட்டுக்கு போக வர சேத்து 50 டாலருக்கு மேல கமிஷன் கிடையாதுன்னுச்சு, மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க, 2002ல அங்க அடிப்படை கமிஷனே இல்லன்னு ஆயிருச்சு. அதே சமயத்துலதான் 1996ல எக்ஸ்பீடியா, ட்ராவலாசிட்டி மாதிரி புக்கிங் சைட் எல்லாம் வந்துச்சு. ஈஸிஜெட்ங்குற கம்மி விலை ஏர்லைன்ஸ் 1995ல ஆரம்பிச்சப்போ விமானத்து மேலயே பெருசா போன் நம்பர் எழுதி ஏஜென்ட் இல்லாம வித்துச்சு, 1998ல அது இன்டர்நெட்டுக்கு மாறிருச்சு. 2015ல லுஃப்தான்சா குரூப் ஒரு படி மேல போய், சேபர், அமேடியஸ் மாதிரி வெளி சிஸ்டம் வழியா போடுற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதல்னு போட்டுச்சு. ஏர்லைன்ஸுக்கு நாம நேரா வரணும், நம்ம மெயிலும் போன் நம்பரும் அவங்ககிட்ட இருக்கணும். அது அவங்க லாபத்துக்குத்தான், ஆனா டைம் மாறுற அன்னைக்கு நமக்கும் அதுதான் நல்லது.

நல்லது நடக்கவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். முன்னாடி விலை என்னன்னு ஏஜென்ட் ஸ்க்ரீனுக்கு மட்டும்தான் தெரியும், நாம கேட்டதுக்கு அவர் சொன்னதுதான் விலை. இப்ப ஒரு மாசத்துல எந்த நாள் கம்மின்னு காலண்டர்லயே பாத்துடலாம். 2008ல இருந்து பேப்பர் டிக்கெட்டும் போயிருச்சு, தொலைஞ்சா என்ன பண்றதுங்குற பயம் இல்ல. வெளிநாட்டுல இருந்துக்கிட்டே ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு நாமளே டிக்கெட் போட்டு அனுப்ப முடியுது. இதெல்லாம் பெரிய விஷயம், மறுக்கவே முடியாது.

ஆனா விலையை வச்சு வரிசைப்படுத்துற பழக்கம் டிக்கெட்டையே மாத்திருச்சு. லிஸ்ட்ல மேல வரணும்னா விலை குறைவா தெரியணும், அதனால முன்னாடி டிக்கெட்டோட சேந்தே இருந்த லக்கேஜ், சீட், சாப்பாடு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து தனியா விக்க ஆரம்பிச்சாங்க. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008ல முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்க ஆரம்பிச்சப்போ பெரிய பேச்சா இருந்துச்சு, இப்ப யாரும் அதைப் பத்தி பேசுறது கூட இல்ல. ஊருக்குப் போறவங்க யாரும் வெறுங்கையோட போறதில்ல, நமக்கு லக்கேஜ் இல்லாத விலையைக் காட்டி என்ன பிரயோஜனம்? பெட்டியோட சேத்து கணக்கு போட்டா, மேல இருந்த ஃப்ளைட் பல சமயம் கீழ போயிரும்.

இன்னொண்ணு, சில சைட் ரெண்டு தனித்தனி கம்பெனி டிக்கெட்டை ஒட்டி ஒரே பயணம் மாதிரி காட்டும், சின்ன எழுத்துல "செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்"னு போட்டிருக்கும். அப்படின்னா நடுவுல நாமளே பெட்டியை எடுத்து, வெளிய வந்து, மறுபடி செக்-இன் பண்ணணும், சில நாட்டுல அதுக்கு விசா கூட வேணும். முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு பொறுப்பே கிடையாது. வயசானவங்களுக்கு இந்த மாதிரி டிக்கெட் போடவே போடாதீங்க.

வயசானவங்கன்னதும் திரும்பி வந்த கதைக்கு வர்றேன். வர்றப்போ அம்மாவையும் கூட்டிட்டு வந்தோம், அவங்க டிக்கெட்டை ஊர்ல இருந்து தம்பி ஒரு சைட்ல போட்டிருந்தான், வீல்சேர் வேணும்னு அதுலயே டிக் பண்ணியும் இருந்தான். கிளம்புறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸ் வெப்சைட்ல பிஎன்ஆர் போட்டு பாத்தா வீல்சேர்ங்குற வார்த்தையே இல்ல. சைட்ல கேட்டது ஏர்லைன்ஸுக்குப் போய் சேரவே இல்ல. நல்லவேளை, வீல்சேர் கேக்குறதை மட்டும் யார் டிக்கெட் போட்டாலும் ஏர்லைன்ஸே எடுத்துக்குறாங்க, போன் பண்ணதும் சேத்துட்டாங்க. அதுலயும் மூணு வகை இருக்கு. தூரம் மட்டும் நடக்க முடியாதவங்களுக்கு டபிள்யூசிஎச்ஆர், படியும் ஏற முடியாதவங்களுக்கு டபிள்யூசிஎச்எஸ், சீட் வரைக்கும் கொண்டு போய் விடணும்னா டபிள்யூசிஎச்சி. அம்மாவுக்கு படி ஏற முடியாதுன்னு தெளிவா சொன்னதாலதான் விமானத்து வாசல் வரைக்கும் ஆள் வந்து ஏத்தி விட்டாங்க.

அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறவங்க இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. மெயில்ல வந்த பேப்பர்ல புக்கிங் சைட்டோட நம்பரை விடுங்க, 13 இலக்க டிக்கெட் நம்பர் இருக்கான்னு பாருங்க, அதுல முதல் மூணு இலக்கம் டிக்கெட் எந்த ஏர்லைன்ஸ் பேர்ல இருக்குன்னு சொல்லும், எமிரேட்ஸ்னா 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618. அந்த நம்பர் இல்லன்னா டிக்கெட் இன்னும் அடிக்காமலே இருக்கலாம், சைட்டை உடனே கேளுங்க. இருந்தா, ஏர்லைன்ஸோட பிஎன்ஆரை வச்சு அவங்க வெப்சைட்ல போய் உங்க சொந்த மெயிலையும் போன் நம்பரையும் நீங்களே சேருங்க, வீல்சேர் பதிவாயிருக்கான்னு பாருங்க, இல்லன்னா கிளம்புறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியாவது ஏர்லைன்ஸுக்கே போன் போட்டு சொல்லிடுங்க.