போர்டேஜ்: அப்டேட்டுக்குப் பிறகும் நம் அமைப்புகள் நிலைக்குமா?

விம் எடிட்டரைப் பைத்தான் வசதியோடு, எக்ஸ் எனும் வரைகலைத் திரை அமைப்பு இல்லாமல், மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து வைத்திருக்கிறோம். அடுத்த அப்டேட் அதை விட்டுவைக்குமா? டெபியன் லினக்ஸில் பெரும்பாலும் விடாது. களஞ்சியத்தில் புதுப் பதிப்பு வந்ததும் அதன் பேக்கேஜ் மேலாளர் ஆப்ட் மேலெழுதிவிடும். அப்டேட் ஆகாமல் நிறுத்த ஹோல்ட் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுவிடும். ஜென்டூ லினக்ஸின் பேக்கேஜ் மேலாளரான போர்டேஜ் வேறு வழியில் போகிறது. நம் விருப்பங்களை எட்சி அடைவுக்குள் இருக்கும் 'போர்டேஜ்' அடைவில் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை கட்டும்போதும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

விம்முக்கு 'பேக்கேஜ்.யூஸ்' கோப்பில் ஒரே வரி போதும்: பேக்கேஜ் பெயர், அடுத்து பைத்தான், அடுத்து கழித்தல் குறியோடு எக்ஸ். பலர் சறுக்குவது இங்கேதான். யூஸ் ஃபிளாக்கை, அதாவது ஒரு வசதி வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லும் இந்தச் சொல்லை, கட்டளை வரியிலேயே கொடுத்து போர்டேஜின் 'இமெர்ஜ்' கட்டளையை ஓட்டினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும். அடுத்து, ஃபிளாக் மாறியவற்றை மறுபடி கட்டும் 'நியூயூஸ்' விருப்பத்தோடு முழு அப்டேட் ஓடும்போது பைத்தான் இல்லாத விம் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். பதிப்பு எண்ணோடு சமக்குறி போட்டு எழுதிய வரியும் அப்படித்தான், எண் மாறியதும் செத்துவிடும். தேவைப்படும் அமைப்பு மாற்றங்களை 'ஆட்டோஅன்மாஸ்க்' வசதி தானே எழுதிக்கொடுக்கும் வரிகளில் சில சமயம் இந்தச் சமக்குறி இருக்கும், பார்த்து நீக்குங்கள். பேக்கேஜ்.யூஸை அடைவாக மாற்றி, அகரவரிசையில் கடைசியாக நிற்கும்படி 'இசட்இசட்-ஆட்டோஅன்மாஸ்க்' என்று ஒரு கோப்பு வைத்தால், தானாக எழுதப்படும் வரிகள் அதில் போய்ச் சேரும். நம் கையெழுத்தும் இயந்திரத்தின் கையெழுத்தும் கலக்காது.

பேக்கேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பான இபில்டிலிருந்து ஒரு ஃபிளாக்கை நீக்கிவிட்டால், நம் வரி சத்தமில்லாமல் செல்லாக்காசாகிவிடும். அதனால் அப்டேட்டை எப்போதும் நம்மிடம் கேட்டுவிட்டுத் தொடங்கும் 'ஆஸ்க்', விவரம் காட்டும் 'வெர்போஸ்' இரண்டு விருப்பங்களோடும் ஓட்டுங்கள். பட்டியலில் ஃபிளாக்கின் பின்னால் சதவீதக் குறி இருந்தால், அது புதிதாக வந்தது அல்லது நீக்கப்பட்டது. நட்சத்திரக் குறி இருந்தால் அதன் நிலை மாறியிருக்கிறது. 'ஒய்' அடிக்கும் முன் இந்த இரண்டு குறிகளைத் தேடுவதற்கு அரை நிமிடம் ஆகும். பழைய வரிகளைக் களையெடுக்க 'இஐஎக்ஸ்-டெஸ்ட்-ஆப்சொலீட்' என்ற கட்டளை உண்டு.

எந்தப் பைத்தான் பதிப்புக்குக் கட்டுவது என்று சொல்லும் பைத்தான் டார்கெட்டை, போர்டேஜின் பொது அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில் அடித்து வைப்பதும் இதே வகைத் தொல்லை. 2024 ஜூனில் ஜென்டூவின் இயல்பு 3.11-லிருந்து 3.12-க்கு மாறியபோது, எண்ணைக் கட்டி வைத்தவர்களின் கணினி மட்டும் பழையதிலேயே நின்றது. அந்த வரியை எழுதாமல் விடுவதே நல்லது.

டிடபிள்யூஎம் (சாளர மேலாளர்), பிஸிபாக்ஸ் (சிறு கட்டளைகளின் தொகுப்பு) போன்றவற்றில் கட்டும்போதே நம் அமைப்பைச் சேர்க்க 'சேவ்ட்கான்ஃபிக்' ஃபிளாக். முதல் முறை கட்டியதும் இயல்பான கான்ஃபிக் கோப்பு எட்சிக்குள் வந்துவிடும். அதைத் திருத்தி மறுபடி கட்டினால் நம்முடையது. பதிப்பு எண் இல்லாத பெயரில் வைத்தால் புதுப் பதிப்பும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் டிடபிள்யூஎம்மில் புதிதாக ஒரு மாறி சேர்ந்தால், பழைய கோப்பில் அது இருக்காது. 'லாக்ஃபுல்ஸ்கிரீன் அறிவிக்கப்படவில்லை' என்று கம்பைலர் கத்தி நிற்கும். புதிய இயல்புக் கோப்போடு டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்து விடுபட்ட வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். மூலநிரலில் மாற்றம் செய்யும் சிறு கோப்புகளான பேட்ச்களும் இப்படித்தான். 'பேட்சஸ்' அடைவில் பேக்கேஜ் பெயருக்குக் கீழே போட்டு வைத்தால் தானே ஒட்டப்படும், ஒட்டாவிட்டால் கட்டுமானம் நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கத்துகிற கோளாறை அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

கத்தாத கோளாறு 2023 டிசம்பரில் வந்த, ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட பைனரி பேக்கேஜ்களோடு சேர்ந்து வருகிறது. வசதி பெரிது, மணிக்கணக்கில் ஆகும் கம்பைல் நிமிடங்களில் முடியும். யூஸ் ஃபிளாக் பொருந்தாத பேக்கேஜை போர்டேஜ் பைனரியாக எடுக்காமல் இங்கேயே கட்டுகிறது, அதனால் விம் தப்பித்துவிடும். சேவ்ட்கான்ஃபிக்கும் ஒரு ஃபிளாக் என்பதால் டிடபிள்யூஎம்மும் தப்பிக்கும். ஆனால் பேட்சஸ் அடைவில் என்ன இருக்கிறது, கம்பைலருக்கான விருப்பங்களான சிஃபிளாக்ஸில் என்ன எழுதினோம் என்பதையெல்லாம் அது ஒப்பிடுவதில்லை. ஃபிளாக் ஒத்துப்போனால் போதும், நம் பேட்ச் இல்லாத பைனரி வந்து அமர்ந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பேட்ச் வைத்திருக்கும் ஒவ்வொரு பேக்கேஜின் பெயரையும், பைனரியாக எடுக்காதே என்று சொல்லும் 'யூஸ்பிகேஜி-எக்ஸ்க்ளூட்' விருப்பத்தில் சேர்த்து, மேக்.கான்ஃபில் இமெர்ஜின் இயல்பு விருப்பங்களில் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். கட்டி முடித்ததும் லாகில் 'அப்ளையிங் யூசர் பேட்சஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்ச் ஒட்டவில்லை.

நினைவகம் குறைந்த கணினிக்கு, பேக்கேஜ் வாரியாகக் கட்டும் விதத்தை மாற்றும் 'பேக்கேஜ்.என்வி' கைகொடுக்கும். ஒரு கம்பைல் வேலைக்கு 2 ஜிபி ரேம் என்பது ஜென்டூ கையேட்டின் கணக்கு. 8 ஜிபி கணினியில் க்யூடி வெப்எஞ்சின் போன்ற கனமானவற்றுக்கு மட்டும் வேலைகளை 2 ஆகக் குறைத்து, மற்றவற்றை 4-இலேயே ஓட்டலாம். இந்த அமைப்பும் அப்டேட்டில் அழியாது.

ஒரே ஒரு பேக்கேஜை மாற்றிக் கட்டுவதற்காக ஜென்டூவுக்குக் குடிபெயர்வது வீண்வேலை. பத்து இருபது பேக்கேஜ்களில் கைவைப்பவர்களுக்குத்தான் இது. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் போர்டேஜ் அடைவில், மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்காக என்று ஒரு கமென்ட் எழுதி வைப்பது.