படகு விளக்குக்கு எது கட்டுப்படியாகும்: குண்டு பல்பா, எல்இடியா?

இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை விளக்குகளில் பல்பு போய்விட்டால், படகுச் சாமான் கடை விலை கையைக் கடிக்கும். லாரி உதிரிபாகக் கடையில் 12 வோல்ட், 10 வாட் குண்டு பல்பு மலிவு. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அடியிலுள்ள இரு முளைகளும் ஒரே உயரமா, ஏற்ற இறக்கமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் பேட்டரியைத் தின்னும்: ஒரு பல்பே சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும்.

2 வாட் எல்இடிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும், அதிர்வில் இழை அறுகிற கதையும் இல்லை. சரி, அதையே போட்டுவிடலாமா? பெயர் தெரியாத மலிவு எல்இடியை நான் நம்பமாட்டேன். வெள்ளை எல்இடியைப் பச்சைக் கண்ணாடிக்குள் போட்டால் ஒளி நீலம் தட்டும், சிவப்புக்குள் மங்கும். அந்தந்த நிறத்திலேயே வாங்க வேண்டும். சிலது படகில் பேச வைத்திருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். அப்புறம், பக்க விளக்கு நேர் முன்னிருந்து 112.5 பாகை வரைதான் தெரிய வேண்டும். ஒளி வரும் இடம் பழைய இழை இருந்த இடத்தில் இல்லாவிட்டால் அந்த எல்லை குழம்பிவிடும்.

விடிய விடிய எரியும் நங்கூர விளக்குக்கு எல்இடி. எஞ்சின் ஓடும்போது எரியும் பக்க விளக்குக்கு எனக்குக் குண்டு பல்பே போதும்.