பத்தரை மணிக்கு இறங்கும் நீலத் தார்ப்பாய்: லிட்டில் இந்தியாவில் மது விற்கும் ஒரு மளிகைக் கடை

சந்தர் சாலைப் பக்கத்தில், வாடகை அறைகளுக்கு ஏறும் மாடிப்படியை ஒட்டி இருக்கும் இந்த மளிகைக் கடைக்கு நான் 12 ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கடைப் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். பொன்னி அரிசி, நல்லெண்ணெய், செவ்வாயும் வெள்ளியும் வந்திறங்கும் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் முன்பக்கத்தில். பின்சுவரில் மூன்று கண்ணாடிக் கதவுகள் கொண்ட குளிர்பதனப் பெட்டியில் பீர், அதற்குப் பக்கத்து அலமாரியில் பிராந்தியும் விஸ்கியும். மளிகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரக்கு புதிது, விலை பெரிய கடைகளைவிடச் சற்றுக் கூடுதல், நிறுவையில் குறை கண்டதில்லை. நான் எழுத விரும்புவது அந்தப் பின்சுவரைப் பற்றி.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மணி 10.20. கடைக்காரரை எல்லாரும் அண்ணன் என்றுதான் அழைக்கிறோம். அவர் கல்லாவை விட்டு எழுந்து, "பீர் எடுக்கிறவங்க இப்பவே எடுத்துட்டு வந்துருங்க, இன்னும் பத்து நிமிஷந்தான்" என்று குரல் கொடுத்தார். கடைசி ஆள் பணம் கொடுத்து நகர்ந்ததும், பெட்டிக்கு மேல் சுருட்டிக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை இறக்கி, அதன் இரண்டு முனைகளையும் கொக்கியில் மாட்டிப் பூட்டினார். அப்போதுதான், காலணியில் சிமெண்டு காய்ந்து ஒட்டியிருந்த இளைஞர் ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். வேலையிடத்திலிருந்து லாரி தாமதமாக வந்ததாம்.

"ரெண்டே ரெண்டு டின் அண்ணே. இந்தாங்க அம்பது வெள்ளி, மீதி வேணாம்."

அண்ணன் அந்த நோட்டைத் தொடவில்லை. "காசை உள்ள வை தம்பி. லைசென்ஸ் போச்சுன்னா கடையே போச்சு. நாளைக்குச் சனிக்கிழமை, இன்னும் சீக்கிரமே நிறுத்திடுவோம், அதையும் நெனப்புல வச்சுக்க."

இளைஞர் நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, ஒரு சோயா பால் டின் வாங்கிக்கொண்டு போனார்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் சிங்கப்பூர் முழுவதற்கும் பொதுவானது: இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, கடைகள் எடுத்துச்செல்லும் மதுவை விற்கக் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் என்பதால் இங்கே வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. நேரம் மீறிப் பொது இடத்தில் குடிப்பவருக்கு, முதல் முறை என்றால், பொதுவாக 1,000 வெள்ளி வரை அபராதம். நேரம் மீறி விற்கும் உரிமதாரருக்கு 10,000 வெள்ளி வரை. இந்தச் சட்டத்தின் பின்னணியை இங்குள்ள தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, இந்தக் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, அந்த இரவின் வன்முறையை வளர்த்தவற்றுள் மதுவும் ஒன்று என்று 2014இல் அறிக்கை தந்தது.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள மணிக்கணக்கு ஒரு கடையின் தார்ப்பாயாக மாறுவது எப்படி என்பதுதான் என்னை இந்தக் கடையைக் கூர்ந்து கவனிக்க வைத்தது. ஐம்பது வெள்ளியை மறுத்த அண்ணனின் நல்ல மனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், இன்னொரு சிறு காட்சியைப் பார்த்த பிறகுதான் அந்த மறுப்புக்குப் பின்னால் நிற்பது எது என்று எனக்கு விளங்கியது.

ஒரு மாலை நேரத்தில் இரண்டு காவல்துறை அதிகாரிகள் உரிமத்தைப் பார்க்க வந்தார்கள். சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த தாளைப் படித்தார்கள், விற்பனை நேரத்தைப் பற்றிக் கடைப் பையனிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் அண்ணன் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து நீட்டினார். அது விருந்தோம்பல்தான், வேறொன்றுமில்லை. அவர்களில் மூத்தவர் சிரித்தபடியே தலையசைத்து மறுத்துவிட்டு, தம் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து எண்ணிக் கல்லாவில் வைத்தார். போத்தலை எடுத்துக்கொண்டவர், ரசீது வரும் வரை நின்று அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளி இருபது காசு. ஒரு போத்தல் தண்ணீரையே இலவசமாக வாங்காதவரிடம் 10.35 மணி விற்பனையைப் பேசி முடிக்க முடியாது என்பது கடைக்காரருக்கும் தெரியும், கடைப் பையனுக்கும் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரிந்தது.

சிங்கப்பூர் இந்த நிலைக்குத் தானாக வந்து சேரவில்லை. லஞ்சத்தைக் குறிக்கும் கோப்பிக் காசு என்ற சொல் இந்த ஊரில் ஒரு காலத்தில் அன்றாட வழக்கில் இருந்தது. 1951 அக்டோபரில், ஏறத்தாழ 4 லட்சம் வெள்ளி மதிப்புள்ள 1,800 பவுண்டு அபின் பொங்கோல் கடற்கரையில் கொள்ளையடிக்கப்பட்டது. கொள்ளையடித்த கும்பலில் மூன்று போலிஸ் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். அதுவரை ஊழலை விசாரித்துவந்தது காவல்துறைக்குள்ளேயே இருந்த ஒரு சிறு கிளை; தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரிக்க முடியாது என்பது அந்த வழக்கில் அம்பலமானது. அதன் விளைவாகத்தான் 1952இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு காவல்துறைக்கு வெளியே தனி அமைப்பாகத் தொடங்கப்பட்டது. போதைப்பொருள் கொள்ளை ஒன்றுதான் இந்த நாட்டின் ஊழல் ஒழிப்பு அமைப்புக்கே பிறப்புக் காரணம் என்பதைப் பலரும் மறந்துவிட்டோம். 1960இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்கியது: ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. தனியார் துறையும் அதில் அடங்கும். 2018இல், லாரி ஓட்டுநர்களிடம் ஒவ்வொரு வெள்ளியாக வாங்கியதற்காகப் பாரந்தூக்கி வாகன ஓட்டுநர்கள் இருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். எந்தப் பதவியும் இதற்கு விலக்கல்ல என்பதற்கும் சான்று உண்டு. 2012இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் முன்னாள் இயக்குநர்மீதே ஊழல் குற்றச்சாட்டு பதிவானது. நீதிமன்றம் 2013இல் அவரை விடுவித்தது. விடுதலையானார் என்பதைவிட, அப்படிப்பட்ட பதவியில் இருந்தவரையும் விசாரித்து நீதிமன்றம் வரை கொண்டுசெல்ல ஓர் அமைப்பு இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் காய்ச்சிய சாராயம் விற்றதை ஊரே அறியும். சோதனைக்கு வண்டி வரும் தகவல் முதல் நாளே வந்துவிடும். அன்று மட்டும் கேன்கள் கரும்புத் தோட்டத்துக்குள் போகும், மறுநாள் பழையபடி கரைக்கு வரும். மாதா மாதம் போகும் பணத்துக்கு மாமூல் என்று பெயர். வழக்கம் என்ற பொருளுள்ள சொல்லே லஞ்சத்துக்குப் பெயராகிப்போனது எவ்வளவு பெரிய துயரம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் சித்தப்பா அந்தச் சாராயத்தால் கண் பார்வை மங்கி, நாற்பது வயதில் வேலைக்குப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மதுவிலக்குச் சட்டத்துக்கு எங்கள் மண்ணில் குறைவே இல்லை; 1937இலேயே சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் அது. இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், நகரின் நடுவிலேயே விற்ற மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. இவையெல்லாம் பிணங்கள் எரிந்த பிறகு நடந்தவை. தமிழ்நாட்டில் குட்கா என்ற மெல்லும் புகையிலை பற்றிய வழக்கும் இதே பாடம்தான்: 2013இல் தடை வந்தது, 2016இல் வருமான வரித்துறை நடத்திய சோதனையில், தடையையும் மீறி விற்பதற்கு அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்ததைக் காட்டும் குறிப்புகள் சிக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

போதைப்பொருள் சட்டத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, 2 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் வைத்திருப்பவர் அதைக் கடத்துவதற்காகவே வைத்திருந்ததாக அனுமானிக்கப்படுகிறார். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை விதிக்கப்படலாம். அந்தத் தண்டனையைப் பற்றி எனக்கு மிகுந்த மனச்சங்கடம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தண்டனையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: இவ்வளவு அதிகாரத்தைத் தரும் சட்டம் விலைபோகும் ஓர் அதிகாரியின் கையில் கிடைத்தால், பையில் ஒரு பொட்டலத்தை வைப்பதும் எடுப்பதும் பேரம் பேசும் பொருளாகிவிடும். கடுமையான சட்டம் எவ்வளவு கடுமையானதோ, அதைக் கையாளும் கை அவ்வளவு சுத்தமாக இருந்தாக வேண்டும்.

கடைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, அறிவிப்பு. வார இறுதி விற்பனை நேரத்தைச் சொல்லும் தமிழ்த் தாள், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது. சனிக்கிழமைகளில் தொழிலாளர்கள் வரிசையில் கால் மணி நேரம் நின்று, கல்லாவுக்கு வந்த பிறகு திருப்பி அனுப்பப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரே நாள் ஓய்வு கிடைப்பவரின் கால் மணி நேரம் அது.

இரண்டாவது குறை என்னை அதிகம் உறுத்தியது. 18 வயது நிறைந்ததற்கு அடையாள அட்டை கேட்பது கடையின் கடமை. ஆனால் கடைப் பையன், முப்பது வயதுத் தொழிலாளியிடம் வேலை அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லிவிட்டு, அவருக்கு அடுத்து நின்ற, மீசை அரும்பாத உள்ளூர்ப் பையனிடம் ஒன்றும் கேட்காமல் பீரைப் பையில் போட்டுக் கொடுத்தான். காசு கைமாறவில்லை, ஆகவே இது லஞ்சமல்ல. ஆனால் ஆளைப் பார்த்துச் சட்டத்தைத் தளர்த்துவதும் இறுக்குவதும் தொடங்கும் இடம் இதுதான். நான் அண்ணனிடம் தனியே சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு தம்பி" என்றார். அடுத்த வாரம் நான் போனபோது கல்லாவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது: 'வயது குறைவாகத் தெரிந்தால், யாராக இருந்தாலும், அட்டை கேட்கவும்.' 'யாராக இருந்தாலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடுகள்.

கடையின் கையில் இல்லாத ஒரு குறையும் இங்கேயே இருக்கிறது. அதே தெருவில் உரிமம் பெற்ற உணவகத்துக்குள் உட்கார்ந்து குடிக்க முடிந்தவருக்கு இரவு 10.30க்குப் பிறகும் பீர் கிடைக்கும். இந்தக் கடையில் டின் வாங்கித் திடலோரம் நண்பர்களோடு உட்கார நினைக்கும் தொழிலாளிக்குக் கிடைக்காது. சட்டத்தைச் செயல்படுத்தும் கை சுத்தமாக இருப்பதால் மட்டும் அது எல்லார்மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை. அண்ணனும் இதை ஒப்புக்கொள்கிறார். அந்த வெள்ளிக்கிழமை இளைஞர் போன பிறகு வெகு நேரம் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை போகிறவர்கள் மாலையிலேயே போவது நல்லது. கறிவேப்பிலை அப்போதுதான் ஈரம் காயாமல் இருக்கும், கூட்டமும் குறைவு. பீர் வேண்டுவோர் 10.15க்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். பிந்திப் போய் அண்ணனிடம் பேரம் பேச வேண்டாம். அவருக்கு இல்லை என்று சொல்வது எளிதாக இருப்பதில்லை. அரிசி மூட்டைகளை நகர்த்திவிட்டு அந்தத் தமிழ் அறிவிப்பை வாசலில் ஒட்டுவதாக அவர் எனக்கு வாக்களித்திருக்கிறார். வரும் சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன்.