வைட்டமின் ஈ எண்ணெய்: முழங்கைக்குச் சரி, தழும்புக்கு வேண்டாம்

விரலில் ஒரு துளி தொட்டாலே இதன் குணம் தெரிந்துவிடும். தேன் மாதிரி கெட்டி, பிசுபிசுப்பு, சீக்கிரத்தில் தோலில் இறங்காது. அதனால் காப்ஸ்யூலை உடைத்து அப்படியே முகம் முழுக்கப் பூசுவதுதான் இதைப் பயன்படுத்தும் வழிகளிலேயே மோசமானது. எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ள முகமென்றால் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

வாங்கும்போது லேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். வைட்டமின் ஈயின் வேதிப்பெயர் டோகோஃபெரால். 'டி-ஆல்ஃபா டோகோஃபெரால்' என்றிருந்தால் இயற்கை வகை. 'டிஎல்' என்றால் செயற்கை. 'அசிடேட்' என்று சேர்ந்திருந்தால் சீக்கிரம் கெடாது. ஆனால் அது தோலுக்குள் டோகோஃபெராலாக மாறிய பிறகுதான் வேலை செய்யும், அந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். 'வைட்டமின் ஈ எண்ணெய்' என்று பெரிதாக எழுதிய பாட்டில்கள் பலவற்றின் பொருள் பட்டியலில் முதலில் இருப்பது ஏதோ ஒரு தாவர எண்ணெய்; வைட்டமின் ஈ கடைசி வரிசையில் இருக்கும். அது மோசடி என்றில்லை, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் சரி.

கலக்கும் அளவு: 30 மில்லி பாதாம் எண்ணெய் அல்லது ஜோஜோபா எண்ணெய்க்கு 400 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்று. கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் வரும், அது போதும். அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, வெயில் படாமல் வையுங்கள். நிறம் கருத்து, பழைய எண்ணெய் வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகத்தான் அரிப்பும் சிவப்புமாகக் கிளம்பும்.

இரவில், குளித்த ஈரம் முழுதும் காயுமுன் இரண்டு மூன்று துளி. இதில் தண்ணீரே கிடையாது; இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். காய்ந்த தோலில் தடவிவிட்டு 'மினுக்குகிறது, ஆனால் இழுக்கிறது' என்று சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். முழங்கை, குதிகால், நகக்கண் ஓரம் ஆகியவற்றுக்கு நன்றாக உதவும். தலையணை உறையில் கறை படியும். பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

தழும்பு மறையும் என்ற பேச்சுதான் இதை அதிகம் விற்கிறது. 1999இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், 15 பேரின் அறுவை சிகிச்சைத் தழும்பில் ஒரு பாதிக்கு வெறும் களிம்பும் மறுபாதிக்கு ஈ கலந்த அதே களிம்பும் தடவினார்கள். 90 சதவீதம் பேருக்குப் பலன் இல்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமானது. 33 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்தது.

வெயிலுக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது. 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் ஈ, 0.5 சதவீதம் ஃபெரூலிக் அமிலம் என்ற தாவரப் பொருள் சேர்ந்த சீரம் வெயில் பாதிப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வில் தெரிந்ததுதான். அதையும் சன்ஸ்கிரீனுக்கு அடியில்தான் போடுகிறார்கள், அதற்குப் பதிலாக அல்ல.