பெரிய பேட்டரியில் 80 சதவீதம், வண்டி மட்டும் கிளம்பாது

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. என் எலெக்ட்ரிக் வண்டி இப்போதுதான் சர்வீஸிலிருந்து திரும்பியிருக்கிறது, எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), சார்ஜிங் பற்றியெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என் புகார் ஒரே பொருள் மீதுதான்: 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. ஆமாம், பெட்ரோல் காரில் இருக்கிற அதே கனத்த கறுப்புப் பெட்டி. வண்டியை ஆஃப் செய்ததும் பாதுகாப்புக்காக, மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். மறுபடி இணைக்கிற கான்டாக்டர் என்ற சுவிட்ச்சுக்கும், கம்ப்யூட்டர்களுக்கும், கதவுப் பூட்டுக்கும் இந்த 12 வோல்ட்தான் கதி.

முதல் நாள் இரவு 80 சதவீதம் காட்டிய வண்டி, காலையில் ரிமோட்டை அமுக்கினால் அசையவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். டேஷ்போர்டு மங்கலாக மினுக்கியது, உள்ளே எங்கோ ரிலே டக் டக் என்றது, அவ்வளவுதான். சார்ஜரைச் செருகியும் பலனில்லை; சார்ஜை வாங்கிக்கொள்ளச் சொல்லும் கம்ப்யூட்டருக்கே உயிரில்லையே!

பெட்ரோல் வண்டியாக இருந்தால் முன்கூட்டியே முனகும். ஸ்டார்ட்டர் இழுக்க முடியாமல் திணறும், நாமும் உஷாராகிவிடலாம். இதில் எஞ்சினைச் சுழற்றுகிற வேலையே கிடையாது. அதனால் நோஞ்சான் பேட்டரிகூடக் கடைசிவரை சமாளித்துவிட்டு ஒருநாள் பொசுக்கென்று போய்விடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1899-லேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது பெல்ஜியப் பந்தய ஓட்டுநர் காமில் ஜெனாட்ஸியின் எலெக்ட்ரிக் கார்தான். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக். அன்றைய பெட்ரோல் காரைக் கைப்பிடி சுற்றிக் கிளப்ப வேண்டும். பின்னடித்தால் கை முறியும். 1912-ல் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கேடிலாக்கில் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஃபோர்டின் மாடல் டி விலையிலும் அடிக்க, எலெக்ட்ரிக் கார் ஓரங்கட்டப்பட்டது. அந்த ஸ்டார்ட்டருக்குத் தெம்பு கொடுத்த லெட் ஆசிட் பேட்டரி, இன்றைக்கு எலெக்ட்ரிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து காலை வாருகிறது. டெஸ்லா 2021-ல் இதற்கும் லித்தியத்துக்கு மாறத் தொடங்கியது. என் வண்டியைச் செய்தவர்களுக்கு ஏனோ மனசு வரவில்லை.

ஓட்டுவதில் குறை சொல்ல வாயில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும். பிரேக் பேடு தேயவே மாட்டேன் என்கிறது. ஆயில் மாற்றுகிற கதையே இல்லை. வண்டி சர்வீஸில் கிடந்தபோது இரவல் பெட்ரோல் கார் ஓட்டினேன். நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அலுத்துப் போனது.

இருந்தாலும் நண்பரே, இந்த வாரம் கேட்டால் பெட்ரோல் வண்டியே வாங்குங்கள் என்பேன். அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். எலெக்ட்ரிக்தான் என்று முடிவு பண்ணிவிட்டால், ஷோரூமில் ரேஞ்ச் கேட்பதற்கு முன்னால் 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது, அது செத்தால் பானெட்டை எப்படித் திறப்பது என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.