தேர்தல் ஆணையத்தின் இணைய ஆவணச் சேவை: ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வரலாற்றை அதில் எவ்வளவு தூரம் படிக்க முடிகிறது?

தம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இதுவரை எத்தனை தேர்தல்களில் நின்றார், எந்தெந்தக் கட்சியின் சார்பில் நின்றார், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் அல்லது தோற்றார் என்று அறிய விரும்புவோருக்கு, இந்தியத் தேர்தல் ஆணையம் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் ஆவணச் சேவையைவிட நம்பகமான இடம் வேறில்லை. கட்டணம் கிடையாது; பெயர் பதிந்து உள்ளே நுழைய வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சேவை தேர்தல்களைப் பதிவு செய்கிறதே தவிர, மனிதர்களைப் பதிவு செய்வதில்லை. ஓர் உறுப்பினரின் முப்பது ஆண்டு அரசியல் வாழ்வு அங்கே முழுமையாக இருக்கிறது. ஆனால் பத்து கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தேடியெடுத்துக் கோக்கும் வேலை நம்முடையது.

இச்சேவையை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பின்னும் ஆணையம் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகள் முதல் பகுதி. வேட்பாளர்கள் வேட்புமனுவோடு இணைத்துத் தரும் பிரமாணப் பத்திரங்களின் தளம் இரண்டாவது. தமிழ்நாட்டின் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும் படிவம் 20, அதாவது வாக்குச்சாவடி வாரியான இறுதி முடிவுத் தாள், மூன்றாவது. மூன்றையும் ஒரே ஆளை வைத்துச் சோதித்தால்தான் அவற்றின் பலமும் குறையும் தெரியும் என்பதால், ராதாபுரம் தொகுதியின் மு. அப்பாவுவை எடுத்துக்கொண்டேன். கட்சி மாற்றம், சுயேச்சை வெற்றி, நூலிழைத் தோல்வி, நீதிமன்ற வழக்கு, பின்னர் பேரவைத் தலைவர் பதவி என எல்லாம் கலந்த வரலாறு அவருடையது என்பதே காரணம்.

புள்ளிவிவர அறிக்கைகளில் தொடங்குவோம். 1951-52ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலிலிருந்து அறிக்கைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சுருக்கம் உண்டு: எத்தனை பேர் மனுத்தாக்கல் செய்தார்கள், எத்தனை மனுக்கள் தள்ளுபடியாயின, எத்தனை பேர் திரும்பப் பெற்றார்கள், களத்தில் நின்றவர் எத்தனை பேர், டெபாசிட் இழந்தவர் எத்தனை பேர், மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, செல்லாத வாக்கு, வென்றவர், அடுத்து வந்தவர், வித்தியாசம். இந்த ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தாலே அந்தத் தேர்தலின் உருவம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பலர் வெற்றி வித்தியாசத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டெபாசிட் இழந்தவர்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும் என்பேன். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் காப்புத்தொகையை இழப்பார் என்பதால், அது இருமுனைப் போட்டியா மும்முனைப் போட்டியா என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

அப்பாவுவின் பெயர் 1996 அறிக்கையில் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக, வென்றவர் வரிசையில் இருக்கிறது. அவ்வாண்டுதான் ஜி. கே. மூப்பனார் காங்கிரசிலிருந்து பிரிந்து அக்கட்சியைத் தொடங்கி, திமுகவோடு கூட்டணி வைத்துப் போட்டியிட்டார். 2001 அறிக்கையில் அதே தொகுதி, அதே பெயர், மீண்டும் வெற்றி. ஆனால் கட்சிக்கு உரிய இடத்தில் சுயேச்சை என்ற குறி. 2006இல் மறுபடியும் வெற்றி, இம்முறை திமுக. மூன்று தேர்தல்கள், மூன்று அடையாளங்கள், ஒரே தொகுதி. தமிழ்நாட்டில் கட்சிச் சின்னம் இல்லாமல் வெல்வது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு 2001ஆம் ஆண்டின் அந்த ஒரு வரி பெரிய செய்தி. ஆனால் ஏன் சுயேச்சையானார் என்ற கேள்விக்கு அறிக்கையில் விடை இல்லை. அவ்வாண்டு தமிழ் மாநில காங்கிரஸ் அதிமுக கூட்டணியில் இருந்தது என்பதையும், அடுத்த ஆண்டே அக்கட்சி காங்கிரசோடு இணைந்தது என்பதையும் பழைய நாளிதழ்களிலிருந்துதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011இல் ராதாபுரத்தில் வென்றவர் தேமுதிகவின் மைக்கேல் ராயப்பன். அப்பாவு உறுப்பினராக இல்லாத அந்த ஐந்தாண்டு இடைவெளிக்கும் அறிக்கையில் காரணம் கிடைக்காது.

இனி 2016. இந்த ஒரு முடிவுக்காகவே இச்சேவையைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதிமுகவின் ஐ. எஸ். இன்பதுரை 69,590 வாக்குகள், திமுகவின் அப்பாவு 69,541 வாக்குகள், வித்தியாசம் 49. வேட்பாளர் வாரியான விரிவான முடிவுப் பட்டியலில் மின்னணு இயந்திரத்தில் பதிவான வாக்குகளும் தபால் வாக்குகளும் தனித்தனிப் பத்திகளில் தரப்பட்டிருக்கும். வழக்கமாக எவரும் கண்ணெடுத்துப் பார்க்காத தபால் வாக்குப் பத்திதான் இங்கே முழுக் கதையும். அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுத்தார். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட தபால் வாக்குகளைச் செல்லாதவை என ஒதுக்கியது சரியா என்பது அவ்வழக்கின் மையக் கேள்வி. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடியான 203 தபால் வாக்குகளையும், கடைசி மூன்று சுற்றுகளான 19, 20, 21 ஆகியவற்றையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணிக்கையும் நடந்தது. ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால், அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை இன்பதுரையே உறுப்பினராகத் தொடர்ந்தார்.

இந்த வழக்கைப் பற்றி ஆணையத்தின் 2016 அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. அறிக்கை முடிவு அறிவிக்கப்பட்ட நாளின் நிலையைச் சொல்வது. அதன்பின் நடப்பவற்றுக்கு அதில் இடமில்லை என்று விளக்கம் தரலாம், அது நியாயமும்கூட. ஆயினும் இச்சேவையின் ஆகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான். முடிவு வெளியான 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே இடம் தந்திருக்கிறது. அப்படியிருக்க, எந்தத் தொகுதியின் முடிவு வழக்கில் இருக்கிறது, அவ்வழக்கு எப்படி முடிந்தது என்ற அடிக்குறிப்பு ஒன்றைத் தொகுதிச் சுருக்கத்தில் சேர்ப்பது கடினமான செயலன்று. அது இல்லாததால், அறிக்கையை மட்டும் படிக்கும் மாணவர் ஒருவர் ராதாபுரத்தை 49 வாக்கில் முடிந்துபோன செய்தியாகவே எடுத்துக்கொள்வார்.

2021இல் அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். அப்பாவு 82,331, இன்பதுரை 76,406. வித்தியாசம் 5,925. அந்த ஆண்டு மே மாதமே அப்பாவு பேரவைத் தலைவரானார். முந்தைய தேர்தலின் 49ஐயும் இந்த 5,925ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வாக்கு எந்தப் பகுதியில் நகர்ந்தது என்று அறியும் ஆவல் எழும். அதற்குத்தான் படிவம் 20.

படிவம் 20ஐப் போல ஒரு தொகுதியை உள்ளும் புறமும் காட்டும் ஆவணம் வேறில்லை. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைத்த வாக்கு, நோட்டா, மொத்தம். எல்லாச் சாவடிகளும் முடிந்தபின் அடியில் தபால் வாக்குகளுக்குத் தனி வரி. தேர்தல் நடத்தும் அலுவலரின் கையொப்பம் இறுதியில் இருக்கும். கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள் தேர்தல் முடிந்த பின்னும் மாதக்கணக்கில் வைத்துப் படிப்பது இந்தத் தாளைத்தான். ஆனால் சாதாரண வாசகருக்கு இரண்டு இடர்கள் உண்டு. சாவடியின் எண் மட்டுமே படிவத்தில் இருக்கும். ஊர்ப் பெயரோ பள்ளியின் பெயரோ இருக்காது. ஆகவே வாக்குச்சாவடிகளின் பட்டியலைத் தனியே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, வாக்காளர் எண்ணிக்கை கூடக்கூடச் சாவடிகள் பிரிக்கப்படுவதால் எண்கள் நகர்ந்துவிடுகின்றன. ஒரு தேர்தலின் 57ஆம் சாவடியை அடுத்த தேர்தலின் 57ஆம் சாவடியோடு ஒப்பிட்டு, இந்த ஊர் கட்சி மாறிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறாகும். எண்ணை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைக் கொண்டு இணைத்தால் மட்டுமே ஒப்பீடு செல்லும்.

பிரமாணப் பத்திரத் தளத்துக்கு வருவோம். வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவை வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் வழங்கிய தீர்ப்புகளின் பயன் இது. மாநிலத்தையும் தொகுதியையும் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர்களின் பட்டியல் வரும். மனு ஏற்கப்பட்டவர், தள்ளுபடியானவர், திரும்பப் பெற்றவர் என்று பிரித்தும் பார்க்கலாம். ஒவ்வொருவரின் படிவம் 26ஐயும், அதாவது பிரமாணப் பத்திரத்தையும், பதிவிறக்கிக்கொள்ளலாம். ஓர் உறுப்பினரின் அரசியல் வாழ்வைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு, அடுத்தடுத்த தேர்தல்களில் ஒருவரே தந்த இரண்டு பத்திரங்களைச் சேர்த்துப் படிப்பதுபோல் பயன்தரும் பயிற்சி வேறில்லை.

அப்படிப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. அசையாச் சொத்துக்குப் படிவத்தில் வாங்கிய விலையும் உத்தேசச் சந்தை மதிப்பும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. ஐந்தாண்டில் சொத்து பலமடங்கு உயர்ந்ததாக வரும் செய்திகளில் சில, அதே நிலத்தின் சந்தை மதிப்பு உயர்ந்ததை மட்டுமே காட்டுவனவாக இருக்கக்கூடும். ரூபாயை ஒப்பிடுவதற்கு முன் சர்வே எண்ணையும், ஏக்கர், சென்ட் அளவையும் ஒப்பிட வேண்டும். புதிய சர்வே எண் சேர்ந்திருந்தால்தான் புதிய சொத்து. இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்வதும் தவறு, நல்லவர் என்று விட்டுவிடுவதும் தவறு. வழக்குகளின் பத்தியிலும் அப்படியே: நிலுவையில் உள்ள வழக்கு வேறு, தண்டனை பெற்ற வழக்கு வேறு, படிவம் இரண்டையும் தெளிவாகப் பிரித்தே கேட்கிறது. ஆர்ப்பாட்டத்துக்காகப் பதிவான வழக்கையும் மோசடி வழக்கையும் எண்ணிக்கையாக மட்டும் கூட்டிச் சொல்வது வாசகரை ஏமாற்றுவதாகும்.

பத்திரங்கள் பெரும்பாலும் முத்திரைத்தாளை ஸ்கேன் செய்த படங்களாகவே இருப்பதால், உள்ளே எழுத்தைத் தேட முடியாது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் மைநேதா தளம் இவற்றைத் தட்டச்சு செய்து அட்டவணையாகத் தருவது பெரிய உதவி. தன்னார்வ அமைப்பு ஒன்று செய்துகாட்டியிருக்கும் இந்த வேலையை ஆணையமே செய்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது.

இன்னொரு சோதனைக்கு மொடக்குறிச்சியை எடுத்துக்கொள்ளலாம். சுப்புலட்சுமி ஜெகதீசன் 1977இல் அங்கே அதிமுக சார்பில் வென்றார். பின்னர் திமுகவில் சேர்ந்து 1989இல் ஈரோட்டிலும் 1996இல் மீண்டும் மொடக்குறிச்சியிலும் வென்றார். 2004இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். 2021இல் மொடக்குறிச்சியில் பாஜகவின் சி. சரஸ்வதியிடம் 281 வாக்கில் தோற்றார். இந்த ஒற்றை வாழ்வைத் திரட்ட, சட்டமன்றத் தேர்தல் அறிக்கைகளோடு மக்களவைத் தேர்தல் அறிக்கையையும் தனியே திறக்க வேண்டியிருக்கிறது. 1996 அறிக்கையில் மொடக்குறிச்சியின் வேட்பாளர் பட்டியல் மட்டும் பக்கக்கணக்கில் நீள்கிறது. விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவர மொத்தம் 1,033 பேர் போட்டியிட்ட தேர்தல் அது. வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சிடப்பட்டது. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இப்போது அது 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, உழவர்களின் கோபம் அரசாங்கத்தின் ஏட்டிலேயே பெயர் பெயராக அச்சேறியிருப்பது மனத்தைத் தொடுகிறது.

இடைத்தேர்தல் முடிவுகள் பொதுத் தேர்தல் அறிக்கையில் வாரா. அவற்றுக்குத் தனிப் பட்டியல். தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2011இலிருந்து பல தொகுதிகளின் எல்லையும் சிலவற்றின் பெயரும் மாறிவிட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஈரோடு இப்போது கிழக்கு, மேற்கு என இரண்டு; பழைய ஈரோட்டின் வாக்கு விகிதத்தை இவற்றில் எதனோடும் நேராக ஒப்பிட முடியாது.

ஆணையத்திடம் கேட்கத்தக்கவை இரண்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் நிலையான எண் ஒன்று வேண்டும். முதலெழுத்து ஓர் அறிக்கையில் பெயருக்கு முன்னும் மற்றொன்றில் பின்னும் வருவதாலும், தமிழ்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதாலும், பெயரைக் கொண்டு தேடுவது நம்பத்தகுந்ததாக இல்லை. இரண்டாவது, புள்ளிவிவர அறிக்கைகள் தமிழிலும் வேண்டும். வாக்காளர் பட்டியலைத் தமிழில் அச்சிட முடிகிறபோது, அந்த வாக்காளர் அளித்த தீர்ப்பின் கணக்கையும் அவர் மொழியில் தர முடியும்.

இச்சேவையைப் புதிதாகப் பயன்படுத்துவோர், உறுப்பினர் கடைசியாக நின்ற தேர்தலின் தொகுதிச் சுருக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே எளிது. முதல் தேர்தலிலிருந்து தொடங்கினால் தொகுதிப் பெயர் மாற்றங்களில் சிக்கிக்கொள்வார்கள். கிடைக்கும் கோப்புகளை உடனே பதிவிறக்கி, ஆண்டையும் தொகுதியையும் சேர்த்துப் பெயரிட்டுத் தம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்புகள் இடம் மாறிவிடுகின்றன.