சோவியத் ஏவுகணைகளை எண்ண: யூ-2 விமானமா, கொரோனா செயற்கைக்கோளா?

இரண்டுமே பனிப்போர்க் காலத்தில் சோவியத்தை மேலிருந்து படமெடுத்த அமெரிக்க உளவுக் கருவிகள். படத் தெளிவு என்று பார்த்தால் யூ-2தான். 70,000 அடி உயரத்திலிருந்தே ஒரு மீட்டருக்கும் சிறிய பொருளைப் பிடித்துவிடும். ஆனால் போன இடங்கள் குறைவு. 1960 மே 1-இல் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே அமெரிக்க விமானி பவர்ஸ் ஓட்டிய யூ-2 வீழ்த்தப்பட்டதும், சோவியத் வானில் அதன் கதை முடிந்தது.

கொரோனாவின் முதல் படங்கள் மங்கல். 12 மீட்டருக்குக் குறைந்த எதுவும் தெரியாது. சரி, பரப்பு? அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ஒரே ஃபிலிம் சுருள், யூ-2 நான்கு ஆண்டுகளில் காட்டியதைவிட அதிக சோவியத் நிலத்தைக் காட்டியது. பாராசூட்டில் இறங்கிய அந்தச் சுருளை, ஹவாய் அருகே ஒரு விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடித்தது!

எண்ணுவதற்கு என் ஓட்டு கொரோனாவுக்கே. ‘இங்கே ஏவுகணை இல்லை’ என்று சொல்ல எல்லா இடத்தையும் பார்த்தாக வேண்டுமே. 1961 செப்டம்பரில் அமெரிக்க மதிப்பீடு, சோவியத்திடம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்கு வெறும் 10 முதல் 25 ஏவுமேடைகளே என்று இறங்கியது அப்படித்தான்.